இனிப்புநீர் உள்ளவர் உடம்பில் தடுப்பூசி பிடிக்குமா?

(மூத்தோர் நடவடிக்கை நிலையம் ஒன்றில் பலதுறை மருந்தகத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் குரல் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், சத்தமாகப் பேசுகிறேன்.

நான் பலதுறை மருந்தகத்தில் தாதியாக வேலை செய்கிறேன். இனிப்புநீர் உள்ளவர்களின் பாதங்களைச் சோதிப்பது, இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது, தடுப்பூசி போடுவது இவைதான் என் அன்றாட வேலை. சென்ற மாதம் ஒரு பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். வயது 74. "சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் ஐயா" என்றேன். அவர் சட்டைக் கையை மடிக்கவில்லை. "ஏம்மா, எனக்கு இருபத்திரண்டு வருசமா இனிப்புநீர். ஒரு புண்ணு வந்தா ஆற ஒரு மாசம் ஆகுது. இந்த உடம்புல நீ போடுற ஊசி பிடிக்குமா? பிடிக்காத ஊசிய எதுக்குப் போடணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் வெளியே பலர் காத்திருந்தார்கள். "பிடிக்கும் ஐயா, பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அன்று அவரிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பலர் அதை மருந்து என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பயிற்சி. நம் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போனார்களே, அதைப்போல. எதிரி எப்படி இருப்பான் என்று உடம்பிலுள்ள வெள்ளை அணுக்களுக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறோம். கிருமியின் ஒரு துண்டோ, செயலிழந்த கிருமியோ உள்ளே போகிறது. சில வெள்ளை அணுக்கள் அதைப் பிடித்து மற்றவற்றுக்கு அடையாளம் காட்டுகின்றன. வேறு சில, அந்தக் கிருமியைப் பிடித்துக்கொள்ளும் நோய் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகின்றன. இன்னும் சில அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நாளை விமானம் ஏறுகிறேன், இன்று ஊசி போடுங்கள் என்று வருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். போடலாம், ஆனால் பயிற்சி முடிவதற்குள் நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

இப்போது இனிப்புநீருக்கு வருவோம். சர்க்கரை நீண்ட நாள் அதிகமாக இருந்தால் இந்தப் பயிற்சியில் இரண்டு இடங்களில் தடை வருகிறது. ஒன்று, வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. பாகில் கால் வைத்த எறும்பைப்போல, கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவும் அதை விழுங்கவும் சிரமப்படுகின்றன. புண் ஆறத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பெரியவர் புண்ணையும் ஊசியையும் சேர்த்துப் பேசியது தப்பே இல்லை.

இரண்டாவது தடையை நம் புளோக்கை வைத்தே சொல்லலாம். தீ எச்சரிக்கை மணி பழுதாகி நாள் முழுதும் அடித்துக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே தீப்பிடிக்கும்போது யார் எழுந்து ஓடுவார்கள்? இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் உடம்பில், அதிலும் இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களின் உடம்பில், இலேசான அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கிறது. எப்போதும் மணி அடிக்கும் வீட்டில், தடுப்பூசி அடிக்கும் மணி தெளிவாகக் கேட்பதில்லை. அதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. வயதாக ஆக, புதிய பாடம் கற்கும் வெள்ளை அணுக்கள் எல்லாருக்குமே குறைகின்றன. இனிப்புநீர் இல்லாதவருக்கும் அப்படித்தான்.

அப்படியானால் பெரியவர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. மறுபாதியை ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாத் தடுப்பூசிக்கும் ஒரே பதில் இல்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

சளிக்காய்ச்சல் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். இனிப்புநீர் உள்ளவர்களின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களின் அளவு, பெரும்பாலான ஆய்வுகளில் மற்றவர்களுடையதற்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 124,000 பேருக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை ஏழாண்டுகளுக்கு ஆராய்ந்து 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களிடையே, சளிக்காய்ச்சல் அல்லது நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. பக்கவாதத்துக்காகச் சேர்வது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. இறப்பும் குறைவு. ஊசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம், அதையும் முடிந்தவரை கணக்கில் எடுத்துத்தான் இந்த எண்களைச் சொன்னார்கள். சளிக்காய்ச்சல் ஊசிக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று நானும் முதலில் வியந்தேன். கடுமையான காய்ச்சல் வந்தால் இரத்தம் எளிதில் உறையும், இதயத்துக்கு வேலை கூடும். ஏற்கெனவே இரத்தக் குழாய் பழுதான நமக்கு அந்த ஒரு வாரம் போதும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் கதை வேறு. அதில் இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவு. ஓர் ஆய்வில், இனிப்புநீர் இல்லாதவர்களில் நூற்றுக்கு 82 பேருக்குப் பாதுகாப்புக் கிடைத்தபோது, உள்ளவர்களில் 75 பேருக்குக் கிடைத்தது. அறுபதைத் தாண்டிய இனிப்புநீர்க்காரர்களை மட்டும் பார்த்தால் பத்தில் ஆறு பேர் அளவுக்குத்தான். நூற்றுக்கு நூறு இல்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அதே சமயம் ஆறு பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பிடித்ததா என்று அறிய இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிடிக்காதவருக்கு மீண்டும் போடலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஹெப்படைட்டிஸ் பி பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள் சிலவற்றில் இந்தக் கிருமி பரவியது. எப்படி என்று தேடினால், சர்க்கரை பார்ப்பதற்காக விரலைக் குத்தும் கருவியைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு 2011ல், அறுபது வயதுக்குட்பட்ட நீரிழிவு நோயாளிகள் எல்லாரும் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள அங்கே பரிந்துரை செய்தார்கள். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் இனிப்புநீர், வீட்டில் ஒரே பேனா. ஊசியை மாற்றித்தானே குத்துகிறோம் என்பார்கள். ஊசி மட்டுமல்ல, பேனாவும் ஆளுக்கொன்று வேண்டும். பக்கத்து வீட்டம்மாவுக்கு "இந்தாங்க, நீங்களும் பாருங்க" என்று கொடுப்பதும் வேண்டாம். உபசாரம் தேநீரோடு நிற்கட்டும்.

அடுத்து, அக்கி. இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாக மட்டும் கொப்புளம் கொப்புளமாக வந்து நெருப்பாய் எரியுமே, அதுதான். ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்ட கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் வந்த நீர்க்கோளவான் அம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதானபின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் திரும்பி வருவதுதான் அக்கி. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டைத் துணி பட்டால்கூடத் துடிப்பார்கள்.

இந்த அக்கித் தடுப்பூசியில், மந்தமான வெள்ளை அணுக்களைத் தட்டி எழுப்பவென்றே ஓர் ஊக்கப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் மரம் ஒன்றின் பட்டையிலிருந்து வருகிறது. அதனால் எழுபதைத் தாண்டியவர்களிடமும் அக்கி வருவதை ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தடுத்ததாகப் பெரிய ஆய்வுகளில் கண்டார்கள். இனிப்புநீர் உள்ளவர்களிடமும் நல்ல பலன் தெரிந்தது. தட்டி எழுப்பும் ஊசி என்பதால் கை வலி, உடம்பு வலி, ஓரிரு நாள் காய்ச்சல் எல்லாம் மற்ற ஊசியைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். இரண்டு முறை போடவேண்டும், இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். முதல் ஊசியில் கை வலித்தது என்று இரண்டாவதற்கு வராமல் நிற்பவர்கள் நிறைய. பாதிப் பயிற்சியோடு திரும்பிவிடாதீர்கள்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது கொவிட்-19 தடுப்பூசி பற்றிய ஓர் ஆய்விலிருந்து வருகிறது. இத்தாலியில் செய்து 2022ல் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை எச்பிஏ1சி அளவை வைத்துப் பிரித்தார்கள். உங்கள் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ இரத்தம் எடுத்து "ஏழரை, எட்டு" என்று ஓர் எண் சொல்வாரே, அதுதான் எச்பிஏ1சி. சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலவரம் தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்திய மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்ற முடியாது. முயன்று பார்த்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கலாம், நான் பெயர் சொல்லப்போவதில்லை.

அந்த ஆய்வில், எச்பிஏ1சி 7க்கு மேல் இருந்தவர்களுக்குத் தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே வந்தது. 7க்குள் வைத்திருந்தவர்களுக்கு நன்றாக வந்தது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. முதலில் 7க்கு மேல் இருந்து, அடுத்த சில வாரங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியும் மேலேறியது. அதாவது இருபத்திரண்டு வருட இனிப்புநீர் என்பது மாற்ற முடியாத தலையெழுத்து இல்லை. இந்த மாதம் நீங்கள் சாப்பிடும் சோற்றின் அளவும், விடாமல் போடும் மாத்திரையும், மாலையில் நடக்கும் நடையும் ஊசிக்குத் துணையாகும்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் போட்டுக்கிறேன்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். அப்படித் தள்ளிப்போட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா.

அப்பாவுக்கு இன்சுலின். "தினமும் நாலு ஊசி போடுறேன், இன்னொண்ணு எதுக்கு? அதுவும் சர்க்கரை பத்துல நிக்கிறப்ப" என்பார். நானும் தாதிதான், ஆனால் வீட்டில் மகள். வற்புறுத்தினால் கோபப்படுவார் என்று விட்டுவிட்டேன். அந்த டிசம்பரில் பேரப்பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. பிள்ளை மூன்று நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டான். அப்பாவுக்குத் தொற்றி நிமோனியாவாகிவிட்டது. காய்ச்சலில் சர்க்கரை எகிறியது, சர்க்கரை எகிறியதால் நுரையீரல் தேற மறுத்தது. ஒன்றை ஒன்று பிடித்து இழுத்தன. பதினாறு நாள் மருத்துவமனை. உயிர் பிழைத்தார். ஆனால் படுத்தே கிடந்ததில் கால் தசையெல்லாம் வற்றிவிட்டது. காலையில் தனியாக நடந்துபோய்க் கோப்பிக்கடையில் நண்பர்களோடு உட்காருவதுதான் அவருக்கு நாளின் தொடக்கம். அதன் பிறகு ஒருநாள்கூட அவரால் தனியாகப் போக முடியவில்லை. நான் தள்ளுநாற்காலியில் அழைத்துப் போவேன். அடுத்த ஆண்டு தடுப்பூசிக்கு அவரே தேதி கேட்டார்.

ஊசி போட்டிருந்தால் அவருக்குச் சளிக்காய்ச்சலே வந்திருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வந்திருந்தாலும் இலேசாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சொல்வேன். நம் குடை மற்றவர் குடையைவிடச் சின்னதாக இருக்கலாம். ஆனால் நம் தலைமேல் பெய்யும் மழை பெரிது. இனிப்புநீர் உள்ளவருக்குக் கிருமித்தொற்று வந்தால் அது கடுமையாகும் ஆபத்து கூடுதல் என்பதால்தான், தேசியப் பெரியவர் தடுப்பூசி அட்டவணையில் நம்மை முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டுப் போடவேண்டியவை எவை என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் சளிக்காய்ச்சல் இருந்தாலும், நடுப்பகுதியில் ஒருமுறையும் ஆண்டு முடிவை ஒட்டி ஒருமுறையும் கூடுகிறது. கிருமி உருமாறுவதால் சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு ஆகாது. நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகோக்கல் கிருமிக்கு எதிரான தடுப்பூசி. இது 65 வயதானவர்களுக்கு மட்டுமல்ல, இனிப்புநீர் இருந்தால் இளையவர்களுக்கும் உண்டு. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ இனிப்புநீர் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அக்கித் தடுப்பூசி 60 வயது முதல், 2025 செப்டம்பரிலிருந்து தேசிய அட்டவணையில் சேர்ந்திருக்கிறது. கொவிட்-19 கூடுதல் ஊசி 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு. ஹெப்படைட்டிஸ் பி உங்களுக்கு வேண்டுமா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

செலவைப் பற்றிக் கேட்கத் தயங்குவீர்கள், அதனால் நானே சொல்கிறேன். 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் பதிந்துகொண்ட சிங்கப்பூரர்களுக்கு, தேசிய அட்டவணை பரிந்துரைக்கும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை அவர்கள் பதிந்துகொண்ட மருந்தகத்தில் இலவசம். அக்கித் தடுப்பூசிக்கு மட்டும் மானியம் போக ஒரு பகுதி கட்டணம் உண்டு. எவ்வளவு என்பது உங்கள் வயதையும் அட்டையையும் பொறுத்தது. முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை, சாஸ் அட்டை எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய் முகப்பில் கேளுங்கள்.

ஊசிக்கு வரும் நாளில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். இது இரத்தப் பரிசோதனை இல்லை. சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் இன்சுலினும் போட்டுக்கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தாதியிடம் சொல்லுங்கள், ஊசி போட்ட இடத்தைச் சற்று அதிக நேரம் அழுத்திப் பிடிப்போம். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும். கடுங்காய்ச்சல் இருந்தால் மட்டும் சில நாள் தள்ளிப்போடுவோம்.

அடுத்த ஒன்றிரண்டு நாள் சர்க்கரை இலேசாக ஏறலாம். உடம்பு பயிற்சி எடுக்கிறது, அதன் பரபரப்பு. வீட்டில் கருவி இருப்பவர்கள் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு தடவை கூடுதலாகப் பாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சல் அடித்தால் பிள்ளைகள் அன்போடு இனிப்புப் பானத்தையும் பார்லித் தண்ணீரையும் வாங்கி வருவார்கள். அதில் சர்க்கரை எவ்வளவு என்று பாட்டிலில் பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சி குடிக்கலாம், ஆனால் கஞ்சியும் சோறுதான். சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, சர்க்கரை இறங்காமல் மயக்கம் போல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

முன்வரிசையில் அந்த அம்மா உரை தொடங்குமுன்பே ஒன்று கேட்டார்: சளிக்காய்ச்சல் ஊசியையும் நிமோகோக்கல் ஊசியையும் ஒரே நாளில் போடலாமா என்று. போடலாம் அம்மா. ஒரு கைக்கு ஒன்று. இரண்டு தடவை பேருந்து ஏறவேண்டியதில்லை.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரைச் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தேன். இங்கே உங்களிடம் சொன்னதையெல்லாம், இவ்வளவு நீட்டாமல், அவரிடமும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். "என் எச்பிஏ1சி எட்டரைம்மா. அதுக்கும் பிடிக்குமா?" என்றார். "கொஞ்சம் குறைவாகப் பிடிக்கலாம் ஐயா. ஊசியை இப்போது போடுவோம், எட்டரையைச் சேர்ந்து இறக்குவோம்" என்றேன். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். தடுப்பூசிப் பதிவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் கைத்தொலைபேசியோடு பின்மேசைக்கு வாருங்கள், ஹெல்த்ஹப் செயலியில் தேடிப் பார்ப்போம். தேநீரும் வந்துவிட்டது. சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.